எஃப்1 அழுத்த 6 மணி நேரம்: எட்ட இருக்கும் சர்வருக்கு எதை வாங்கலாம்?

பேருந்தில் 6 மணி நேரம் போய், ஒரு சர்வருக்கு மானிட்டரும் கீபோர்டும் மாட்டி, எஃப்1 விசையை ஒரே ஒருமுறை அழுத்திவிட்டுத் திரும்பி வந்திருக்கிறேன். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. மின்சாரம் போய் வந்ததும் பயாஸ் (கணினி எழும்போது முதலில் ஓடும் மென்பொருள்) அமைப்புகள் அழிந்து, தொடர வேண்டுமானால் எஃப்1 அழுத்து என்று திரையில் எழுதிவிட்டு அந்தக் கணினி அப்படியே நின்றுவிட்டது. மானிட்டரே இல்லாத அறையில் அதை யார் படிப்பது? எனக்குத் தெரிந்ததெல்லாம், உயிரோடு இருக்கிறாயா என்று கேட்கும் பிங்குக்குப் பதில் வரவில்லை, தூரத்திலிருந்து உள்ளே போகும் எஸ்எஸ்எச் திறக்கவில்லை என்பதுதான். டிஸ்க் போயிருக்குமோ, பவர் சப்ளை போயிருக்குமோ என்று புதிதாக ஒரு டிஸ்க்கும் ஒரு பவர் சப்ளையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். இரண்டும் பெட்டி பிரிக்காமலே என்னோடு திரும்பி வந்தன.

4 சிறிய அலுவலகங்களின் கணினிகளை நான் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்கிறேன். அந்தப் பயணத்துக்குப் பிறகு, உள்ளே போக இரண்டாவது வழி இல்லாத எந்தக் கணினியையும் எட்டாத இடத்தில் வைப்பதில்லை. இதுவரை மூன்று விதமான கருவிகளை வாங்கி ஓட்டிப் பார்த்துவிட்டேன்: பிஎம்சி (தூரத்திலிருந்து கணினியை ஆள உதவும் தனிச் சில்லு) உள்ள சர்வர் மதர்போர்டு, அதே வேலைக்கான இன்டெல் வீப்ரோ வசதி உள்ள சிறிய அலுவலகக் கணினி, திரையையும் கீபோர்டையும் நெட்வொர்க் வழியாகத் தரும், வெளியிலிருந்து மாட்டும் பைகேவிஎம் பெட்டி. ஒவ்வொன்றும் எனக்கு எங்கே கைகொடுத்தது, எங்கே கழுத்தறுத்தது என்று எழுதுகிறேன். வாங்கப்போகிறவர்களுக்கு ஒரு பயணமாவது மிச்சமாகட்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். எஸ்எஸ்எச், ரிமோட் டெஸ்க்டாப் எல்லாம் ஓஎஸ்ஸுக்குள் (விண்டோஸ், லினக்ஸ் போன்றவை) ஓடுகிறவை. ஓஎஸ் எழுந்திருக்கவில்லை என்றால் அவையும் இல்லை. வேக்-ஆன்-லேன் வசதியைக் காட்டி 'ரிமோட் மேனேஜ்மென்ட் உண்டு' என்று சிலர் விற்கிறார்கள். அது தூங்கும் கணினியை எழுப்பும். எழுந்த கணினி பாதியில் நின்றால் அதற்குமேல் ஒன்றும் செய்யாது. நமக்கு வேண்டியது ஓஎஸ் செத்துக் கிடந்தாலும், கணினியே அணைந்திருந்தாலும் திரையைப் பார்க்கவும், விசை அழுத்தவும், பவர் பட்டனைத் தொடவும் ஒரு தனி வழி. இதைத்தான் அவுட் ஆஃப் பேண்ட் என்கிறோம்.

அந்தத் தனி வழியின் நேர்த்தியான வடிவம் பிஎம்சி. சர்வர் மதர்போர்டின் ஓரத்தில் ஏஸ்பீட் என்ற பெயர் பொறித்த ஒரு சில்லு இருக்கும். என் போர்டில் இருப்பது ஏஎஸ்டி2500. அதற்குள் ஓர் ஆர்ம் கோர், தனி ராம், தனி ஃபர்ம்வேர் (உள்ளேயே பதித்த மென்பொருள்), தனி நெட்வொர்க் போர்ட். கணினிக்குள் ஒரு குட்டிக் கணினி. பவர் சப்ளை ஒயரைச் சொருகிய உடனே, பவர் பட்டனைத் தொடாமலே, ஸ்டாண்ட்பை மின்சாரத்தில் அது ஓட ஆரம்பித்துவிடும். திரைக்குப் போகும் படத்தை உருவாக்குவதும் அதே சில்லுதான் என்பதால், பயாஸ் லோகோ முதல் ஓஎஸ்ஸே நொறுங்கும் கெர்னல் பேனிக் வரை எது திரையில் விழுந்தாலும் அதற்குத் தெரியும். கணினியின் கண்ணுக்கு அது யுஎஸ்பி கீபோர்டு, மவுஸ், சிடி டிரைவ் போலத் தோன்றும். நான் வாங்கிய போர்டின் பெயரை இங்கே எழுதவில்லை. போர்டு யாருடையதாக இருந்தாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் இதே ஏஸ்பீட் சில்லு வரிசைதான் என்பதால் சொல்லப்போவது பலவற்றுக்கும் பொருந்தும்.

முதல் நாள் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஒயரைச் சொருகினேன். போர்டில் சின்னப் பச்சை விளக்கு ஒன்று நாடித் துடிப்புபோல மினுக்க ஆரம்பித்தது. பிஎம்சி உயிரோடு இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். சர்வர் இன்னும் அணைந்துதான் இருந்தது. ஒன்றரை நிமிடம் கழித்து ரூட்டரின் பட்டியலில் புதிதாக ஒரு ஐபி வந்தது. பிரவுசரில் திறந்து, பாஸ்வேர்டு மாற்றி, 'பவர் ஆன்' அழுத்தினேன். பக்கத்து அறையில் ஃபேன்கள் சீறிக் கிளம்பும் சத்தம் கேட்டது. கன்சோல் ஜன்னலில் பயாஸ் லோகோ வந்ததும் லேப்டாப்பில் டெலீட் விசையை அழுத்தினேன், பயாஸ் திறந்தது. அந்த ஒரு நொடியில் எனக்கு அந்த 6 மணி நேரப் பயணம் முழுவதும் கண்முன் வந்துபோனது.

பயாஸுக்குள் நான் செய்த முதல் வேலை, பிழை வந்தால் எஃப்1 கேட்டு நிற்கும் அமைப்பை நிறுத்தியது. இரண்டாவது, மின்சாரம் போய் வந்தால் தானாக எழ வேண்டும் என்று வைத்தது. பேட்டரி தீர்ந்தால் இவையும் அழியும் என்பது உண்மைதான். ஆனால் இனி அழிந்தால் என் மேசையிலிருந்தே திரும்ப வைத்துக்கொள்வேன்.

கன்சோலைவிட நான் தினமும் நம்புவது அதன் பதிவேட்டைத்தான். மெமரியில் ஈசிசி பிழை (மெமரி தானே கண்டுபிடிக்கும் தரவுப் பிழை) வந்தால், ஃபேன் நின்றால், மின்னழுத்தம் இறங்கினால் நாளும் நேரமும் போட்டு பிஎம்சி எழுதி வைக்கும். ஓஎஸ் திடீரென்று விழுந்துபோகும் நேரங்களில் ஓஎஸ்ஸின் லாகில் ஒன்றுமே இருக்காது. பிஎம்சியின் பதிவேட்டில் இருக்கும். ஒருமுறை காரணம் தெரியாமல் வாரம் ஒருமுறை ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்த கணினியில், ஒரே மெமரி ஸ்லாட்டின் பெயர் அந்தப் பதிவேட்டில் திரும்பத் திரும்ப வந்ததைப் பார்த்துத்தான் பிடித்தேன்.

குறைகளும் இருக்கின்றன. சத்தம் குறையட்டும் என்று மெதுவாகச் சுற்றும் ஃபேன் ஒன்றை மாட்டினேன். அதன் வேகம் பிஎம்சி வைத்திருக்கும் கீழ் வரம்புக்கும் கீழே போனது. ஃபேன் செத்துவிட்டது என்று நினைத்து பிஎம்சி எல்லா ஃபேன்களையும் முழு வேகத்துக்குத் தூக்கும், வேகம் ஏறியதும் சரியாகிவிட்டது என்று இறக்கும், மறுபடி தூக்கும். இரவெல்லாம் அலைபோல ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. பிஎம்சியோடு பேசும் ஐபிஎம்ஐடூல் கட்டளையால் அந்த வரம்பைக் கீழே இறக்கிய பிறகுதான் அடங்கியது. அப்புறம், தனியாக ஒரு கிராஃபிக்ஸ் கார்டு மாட்டினால் பயாஸ் படத்தை அதன் பக்கம் திருப்பிவிடும், பிஎம்சி கன்சோல் கறுப்பாகிவிடும். பயாஸில் முதல் திரை எது என்ற இடத்தில் உள்ளேயே இருக்கும் விஜிஏவைத் தேர்ந்தெடுத்து வைக்க வேண்டும். சர்வர் அணைந்திருக்கும்போதும் பிஎம்சி கொஞ்சம் மின்சாரம் குடிக்கும். என் மீட்டரில் 5 வாட் காட்டியது. ஒரு போர்டுக்கு இது பெரிதில்லை. வீட்டில் சோலார் பேட்டரியில் ஓட்டுகிறவர்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய சர்வர் வாங்குகிறவர்கள் இந்த இடத்தில் நின்று படியுங்கள். பழைய தலைமுறை பிஎம்சிகள் பலவற்றின் கன்சோல் ஜாவா வெப் ஸ்டார்ட்டில் ஓடும். 2018-இல் வந்த ஜாவா 11-இலேயே அதை எடுத்துவிட்டார்கள். அப்படி ஒன்று என்னிடம் இருக்கிறது. அதன் திரையைப் பார்ப்பதற்காகவே பழைய ஜாவா போட்ட ஒரு விர்ச்சுவல் மெஷினை எடுத்து வைத்திருக்கிறேன். நள்ளிரவில் சர்வர் விழுந்து கிடக்கும்போது ஜாவாவின் பாதுகாப்பு எச்சரிக்கைகளோடு மல்லுக்கு நிற்பது வேதனை. எச்டிஎம்எல்5 கன்சோல் இருக்கிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள். வாயால் 'இருக்கிறது' என்றால் போதாது, திறந்து காட்டும் படம் ஒன்று கேளுங்கள்.

லைசென்ஸ் அடுத்த பொறி. டெல் சர்வர்களில் ஐடிராக் (டெல் தன் பிஎம்சிக்கு வைத்த பெயர்) எல்லாவற்றிலும் இருக்கும். ஆனால் திரையைப் பார்க்கும் விர்ச்சுவல் கன்சோலுக்குப் பொதுவாக என்டர்பிரைஸ் லைசென்ஸ் வேண்டும். எச்பிஇ-யின் பிஎம்சியான ஐஎல்ஓவில் அட்வான்ஸ்டு லைசென்ஸ் இல்லாவிட்டால், ஓஎஸ் எழத் தொடங்கும் வரைதான் திரை தெரியும், அதற்குமேல் மூடிக்கொள்ளும். சூப்பர்மைக்ரோவில் கன்சோல் இலவசம், ஆனால் பிஎம்சி வழியாக பயாஸ் அப்டேட் செய்ய பல மாடல்களில் தனிச் சாவி கேட்கும். இவை எதுவும் ரகசியம் இல்லை, அவர்களே எழுதி வைத்திருப்பதுதான். ஆனால் பழைய சர்வர் விற்பவர் 'ஐடிராக் உண்டு' என்று எழுதும்போது எந்த லைசென்ஸ் என்று எழுத மாட்டார். பெயர் இருப்பதும் திரை தெரிவதும் வேறு வேறு. என்னைக் கேட்டால், சின்ன இடங்களுக்குக் கன்சோலும் விர்ச்சுவல் மீடியாவும் லைசென்ஸ் இல்லாமலே தரும் போர்டுதான் நல்லது. சாவி காலாவதியாகுமா, போர்டு மாற்றினால் கூடவே போகுமா என்ற கவலையே வேண்டாம்.

விர்ச்சுவல் மீடியா என்றேன். லேப்டாப்பில் இருக்கும் ஐஎஸ்ஓ கோப்பை (ஒரு டிஸ்க்கின் முழு நகல்) சர்வருக்கு டிவிடி போலக் காட்டுவது. கேட்க மந்திரம் மாதிரி இருக்கும். முதல்முறை 2 ஜிபி ஐஎஸ்ஓவை என் வீட்டிலிருந்து காட்டி பூட் செய்தேன். என் அப்லோடு வேகம் நொடிக்கு 10 மெகாபிட். முழுக் கோப்பும் நேராகப் போனாலே ஏறக்குறைய அரை மணி நேரம். இன்ஸ்டாலர் துண்டு துண்டாகக் கேட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் காத்திருந்து படித்ததால் அதற்கும் மேலே பல மடங்கு ஆனது. நடுவில் ஒருமுறை பிரவுசர் டேப் மூடிப்போய், எல்லாம் முதலிலிருந்து. இப்போது சில மெகாபைட் மட்டுமே உள்ள நெட்பூட் ஐஎஸ்ஓவை மாட்டி, மீதியை சர்வர் தன் சொந்த இணைப்பில் இறக்கிக்கொள்ளும்படி செய்கிறேன். அல்லது அதே அலுவலகத்தில் இருக்கும் இன்னொரு கணினியின் ஷேர் ஃபோல்டரிலிருந்து காட்டுகிறேன். வாங்கும் பிஎம்சி, ஷேர் ஃபோல்டரிலிருந்து ஐஎஸ்ஓ எடுக்கும் வசதி உள்ளதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இணைப்பு மெதுவான இடங்களில் இது இல்லாவிட்டால் விர்ச்சுவல் மீடியா பெயருக்குத்தான்.

இணைப்பு ரொம்பவே மோசம் என்றால் படமே வேண்டாம். சீரியல் ஓவர் லேன் என்று ஒன்று உண்டு, எழுத்துகள் மட்டும் வரும். லினக்ஸ் எழும்போது படிக்கும் கெர்னல் வரியில் சீரியல் கன்சோலைக் குறிப்பிட்டு, பயாஸிலும் இங்கேயும் வேகத்தை 115200 என்று ஒன்றாக வைத்துவிட்டால் போதும். மொபைல் சிக்னல் ஒரு கோடு மட்டும் இருந்த இடத்தில் உட்கார்ந்து இதன் வழியாக ஃபைல் சிஸ்டத்தைச் சரி செய்திருக்கிறேன்.

அடுத்தது அலுவலகக் கணினி. இரண்டு கிளைகளில் சர்வர் வைக்கும் அளவுக்கு வேலை இல்லை. கையகலப் பெட்டி போதும். அங்கே இன்டெல்லின் ஆக்டிவ் மேனேஜ்மென்ட் டெக்னாலஜி. அதன் சுருக்கத்தை (AMT) தமிழில் எழுதினால் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் பெயராகிவிடுகிறது, அதனால் வீப்ரோ என்றே எழுதுகிறேன். கண்டிப்பாகச் சொல்வதென்றால் வீப்ரோ என்பது முழுத் தொகுப்பின் பெயர், இது அதற்குள் ஒன்று.

வீப்ரோவில் ஏமாறுவது மிகச் சுலபம். நானும் ஏமாந்தேன். மேலே வீப்ரோ ஸ்டிக்கர் ஒட்டிய ஒரு பழைய கணினியை வாங்கினேன். வந்ததும் கன்ட்ரோல்-பி (Ctrl+P) அழுத்தினால் வர வேண்டிய வீப்ரோ அமைப்புத் திரை வரவில்லை. திறந்து பார்த்தால் ப்ராசஸர் சரியானது, நெட்வொர்க் சில்லு ஐ219-வி. வேண்டியது ஐ219-எல்எம். கடைசி எழுத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ப்ராசஸர் வீப்ரோ ஆதரிக்க வேண்டும், சிப்செட் க்யூ வரிசையில் (க்யூ370, க்யூ470, க்யூ570, க்யூ670 போல) இருக்க வேண்டும், நெட்வொர்க் சில்லு எல்எம் என்று முடிய வேண்டும், ஃபர்ம்வேரிலும் தயாரிப்பாளர் இதை அடைக்காமல் விட்டிருக்க வேண்டும். நான்கில் ஒன்று குறைந்தாலும் ஒன்றுமில்லை. எச் (H) அல்லது பி (B) வரிசை சிப்செட் என்றால் மேற்கொண்டு படிக்கவே வேண்டாம். 12-ஆம் தலைமுறையிலிருந்து வீப்ரோவையே எசென்ஷியல்ஸ், என்டர்பிரைஸ் என்று இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். எசென்ஷியல்ஸில் பவர் ஆன், ஆஃப் கிடைக்கும், திரை கிடைக்காது. நமக்குத் திரைதானே வேண்டும்? ஆகவே என்டர்பிரைஸ்.

சரியான கணினி கையில் வந்த பிறகும் மூன்று இடத்தில் முட்டிக்கொண்டேன். கன்ட்ரோல்-பி அழுத்தினால் வரும் மெப்எக்ஸ் என்ற அந்த அமைப்புத் திரையில் முதல் பாஸ்வேர்டு அட்மின் (admin). மாற்றும்போது பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், குறி எல்லாம் கலந்து குறைந்தது 8 எழுத்து வேண்டும், இல்லையென்றால் காரணம் சரியாகச் சொல்லாமல் மறுக்கும். அது பரவாயில்லை. திரையைத் திறக்கும்போது, எதிர்முனையில் இருப்பவரின் மானிட்டரில் 6 இலக்க எண் ஒன்று தோன்றும், அதை நாம் இங்கே அடிக்க வேண்டும். ஆள் இல்லாத அறையில் அந்த எண்ணை யார் படித்துச் சொல்வார்? மெப்எக்ஸில் யூசர் கன்சென்ட் என்ற இடத்தில் 'நன்' (None) என்று வைத்துவிட்டுத்தான் அந்த இடத்தை விட்டுக் கிளம்ப வேண்டும். மூன்றாவது, மானிட்டர் மாட்டாத கணினியில் இன்டெல் கிராஃபிக்ஸ் படமே உருவாக்காமல் விட்டுவிடுகிறது. நமக்கு வருவது கறுப்புத் திரை. கட்டைவிரல் அளவு எச்டிஎம்ஐ டம்மி ப்ளக் ஒன்றைப் பின்னால் சொருகி வைத்தேன், சரியாகிவிட்டது. தனி கிராஃபிக்ஸ் கார்டில் மானிட்டர் மாட்டியிருந்தாலும் இதே கறுப்புத் திரைதான். வீப்ரோவுக்கு இன்டெல்லின் உள் கிராஃபிக்ஸ் மட்டும்தான் தெரியும்.

பழையது வாங்கினால் இன்னொன்று: முந்தைய அலுவலகம் மெப்எக்ஸ் பாஸ்வேர்டு போட்டு வைத்திருக்கலாம். அது தெரியாமல் உள்ளே போக முடியாது. பணம் கொடுக்கும் முன் கன்ட்ரோல்-பி அழுத்தி, அட்மின் என்று அடித்து உள்ளே போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இவ்வளவும் தாண்டி வந்துவிட்டால் வீப்ரோ அருமையாக வேலை செய்கிறது. மெஷ்சென்ட்ரல் என்ற திறந்த மூல மென்பொருளில் எல்லாக் கணினிகளையும் ஒரே பக்கத்தில் சேர்த்துவிட்டேன். 2024 ஜூலை 19 அன்று பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான க்ரவுட்ஸ்ட்ரைக்கின் தவறான அப்டேட் ஒன்றால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் விழுந்தன. ஒவ்வொன்றையும் சேஃப் மோடில் திறந்து ஒரு கோப்பை அழித்தால் சரியாகும், ஆனால் நெட்வொர்க்கே வராத கணினிக்குள் அதை எப்படிச் செய்வது? எத்தனையோ பேர் மேசை மேசையாக நடந்தார்கள். இந்த மாதிரி நாளுக்காகத்தான் அலுவலகக் கணினியிலும் இந்த வசதி வேண்டும் என்கிறேன். சர்வர் அறைக்கு மட்டும் போதும் என்று நினைப்பது தவறு.

வீப்ரோவின் உண்மையான குறை, அது ஓஎஸ் பயன்படுத்தும் அதே போர்ட்டைப் பகிர்ந்துகொள்வது. அந்த ஒரு கேபிள் போனால் இரண்டும் போகும். பிஎம்சியில் உள்ள தனி போர்ட்டின் அருமை அப்போதுதான் தெரியும்.

மூன்றாவது, ஏற்கெனவே வாங்கிவிட்ட கணினிகளுக்கு. எந்த வசதியும் இல்லாத ஒரு கணினி என்னிடம் இருந்தது, மாற்ற மனமில்லை. ராஸ்ப்பெரி பை மேல் ஓடும் பைகேவிஎம் வாங்கினேன். கணினியின் எச்டிஎம்ஐ படத்தைப் பிடிக்கும், யுஎஸ்பி வழியாகக் கீபோர்டாகவும் மவுஸாகவும் டிரைவாகவும் நடிக்கும். ஐஎஸ்ஓவைத் தன் மெமரி கார்டிலேயே வைத்துக்கொள்வதால், நான் மேலே புலம்பிய மெதுவான அப்லோடு பிரச்சினை ஒருமுறையோடு முடிந்துவிடுகிறது. ஒரு மீட்பு ஐஎஸ்ஓவை அதிலேயே நிரந்தரமாக வைத்திருக்கிறேன். படத் தெளிவில் என்னிடம் இருக்கும் பிஎம்சி கன்சோலைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஜெட்கேவிஎம், நானோகேவிஎம் என்று இன்னும் சிறிய பெட்டிகளும் வந்துவிட்டன, வேலை அடிப்படையில் இதேதான்.

ஆனால் பவர் பட்டனுக்கான ஒயர்களை மாட்டாமல் இதை வாங்கிப் பயனில்லை. திரை தெரியும், விசை அழுத்தலாம், உறைந்துபோன கணினியை அணைத்து எழுப்ப மட்டும் முடியாது. ஒரு மாலை முழுவதும் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, கேபினெட்டின் முன்பக்க ஒயர்கள் மதர்போர்டில் வந்து சேரும் அந்தக் குட்டி ஊசிகளோடு போராடினேன். பவர் பட்டன், ரீசெட் இரண்டுக்கும் அவற்றுக்குரிய ஊசிகளில் எந்தப் பக்கம் திருப்பி மாட்டினாலும் சரி. பவர் விளக்குக்கும் டிஸ்க் விளக்குக்கும் பிளஸ், மைனஸ் பார்க்க வேண்டும். நான் பவர் விளக்கைத் திருப்பி மாட்டிவிட்டேன். பெட்டி இரண்டு நாள் 'கணினி அணைந்திருக்கிறது' என்று காட்டிக்கொண்டே இருந்தது, கணினி ஓடிக்கொண்டிருந்தது. விளக்கு எரிவதை வைத்துத்தான் அது நிலையைக் கண்டுபிடிக்கிறது. கேபினெட்டின் பழைய பட்டனும் வேலை செய்ய வேண்டும் என்பதால் ஒயர்களைப் பெட்டியின் ஒயர்ப் பலகை வழியாகவே கொண்டுபோங்கள், பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள். இன்னொன்றும் உண்டு: பெட்டிக்கு மின்சாரத்தைத் தனி அடாப்டரில் கொடுங்கள். கணினியின் யுஎஸ்பியிலிருந்தே எடுத்தால், கணினி அணைந்ததும் பெட்டியும் அணைந்துவிடக்கூடும். எழுப்ப வேண்டியவனே தூங்கினால் எப்படி?

இனி நெட்வொர்க். கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அதற்குப் போகும் பாதை அதே ரூட்டர் வழியாகத்தான் என்றால் ரூட்டர் விழும் அன்று இரண்டு கதவும் மூடிக்கொள்ளும். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் சுமார் 6 மணி நேரம் உலகம் முழுவதும் காணாமல் போனபோது, தங்கள் அவுட் ஆஃப் பேண்ட் நெட்வொர்க்கும் சேர்ந்தே விழுந்ததாக அவர்களே எழுதினார்கள். பொறியாளர்களை நேரில் அனுப்பித்தான் சரி செய்தார்கள். நான் ஒவ்வொரு இடத்திலும் சிம் போட்ட சின்ன 4ஜி ரூட்டர் ஒன்றை பிஎம்சி போர்ட்டோடு இணைத்திருக்கிறேன். மொபைல் இணைப்புகளில் பெரும்பாலும் வெளியிலிருந்து உள்ளே கூப்பிட முடியாது. ஆகவே அந்த ரூட்டரே என் வயர்கார்டு (ஒரு விபிஎன்) சர்வரைக் கூப்பிட்டு இணைப்பைப் பிடித்து வைத்திருக்கும். மாதம் ஒருமுறை அந்த வழியாக மட்டும் உள்ளே போய்ப் பார்க்கிறேன். சிம்முக்குப் பணம் கட்டாமல் விட்டதை அப்படி ஒரு சோதனையில்தான் கண்டுபிடித்தேன்.

பாதுகாப்பைப் பற்றி நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது: பிஎம்சியை நேராக இணையத்தில் வைக்காதீர்கள். கணினியின் முன் உட்கார்ந்திருப்பவருக்கு உள்ள அத்தனை உரிமையும் அதற்கு உண்டு. பிஎம்சியோடு பேசும் முறையான ஐபிஎம்ஐயின் 2004-இல் வந்த 2.0 பதிப்பில், உள்ளே நுழையக் கேட்பவருக்கே, பாஸ்வேர்டைக் கண்டுபிடிக்க உதவும் ஹாஷைக் கொடுத்துவிடும் குறை வடிவமைப்பிலேயே இருக்கிறது. பேட்ச் போட்டுத் தீர்க்க முடியாது. ஐஎல்ஓ 4-இல் கோரிக்கையின் ஒரு ஹெட்டரில் 29 'A' எழுத்துகளை அனுப்பினால் பாஸ்வேர்டு இல்லாமல் திறக்கும் ஓட்டை 2017-இல் அடைக்கப்பட்டது. அதே ஆண்டு வீப்ரோவிலும் காலியான பதிலை ஏற்றுக்கொள்ளும் ஓட்டை வெளிவந்தது. ஃபர்ம்வேர் அப்டேட் தொடர்ந்து வருகிறதா என்பதும் வாங்கும்போது பார்க்க வேண்டிய தகுதிதான். கடைசி அப்டேட் 5 ஆண்டுக்கு முந்தையது என்றால் நான் அந்த போர்டைத் தொடமாட்டேன். இப்போதைய புதிய முறை ரெட்ஃபிஷ், எச்டிடிபிஎஸ் வழியாகப் பேசும். அது இருந்தால் பழைய ஐபிஎம்ஐ-ஓவர்-லேனை அணைத்துவிடலாம்.

எனக்கு நடந்த ஒன்று இன்னும் பயமுறுத்துகிறது. என் போர்டில் பிஎம்சி போர்ட்டின் அமைப்பு 'ஃபெயில்ஓவர்' என்று வந்திருந்தது. தனி போர்ட்டில் கேபிள் இல்லையென்றால் பிஎம்சி தானாக ஓஎஸ்ஸின் போர்ட்டுக்குத் தாவிவிடும். ஒருநாள் யாரோ அறையைப் பெருக்கும்போது அந்தக் கேபிள் கழன்றிருக்கிறது. மின்சாரம் போய் வந்தபோது பிஎம்சி மெதுவாகப் பொது நெட்வொர்க்கில் போய் உட்கார்ந்துகொண்டது. வேறு எதற்கோ ஸ்கேன் செய்தபோது ஐபிஎம்ஐ பயன்படுத்தும் 623 போர்ட் பதில் சொல்வதைப் பார்த்துக் கை உதறியது. அன்றே எல்லா போர்டிலும் 'டெடிகேட்டட்' என்று மாற்றினேன். நீங்கள் வாங்கும் போர்டில் அப்படி மாற்ற முடிகிறதா என்று கையேட்டைப் பாருங்கள். தனி போர்ட் என்று தனியாக ஒன்று இருக்கிறதா என்பதையும் படத்தில் எண்ணிப் பாருங்கள்.

ஆக, புதிதாக வாங்க வாய்ப்பிருந்தால் எனக்குத் தனி போர்ட்டும் எச்டிஎம்எல்5 கன்சோலும் உள்ள பிஎம்சி போர்டுதான் முதலில். மேசைக் கணினிகளுக்கு எல்லாப் பாகமும் பொருந்திய வீப்ரோ. கையில் இருப்பதை விடமுடியாதவர்களுக்குப் பவர் பட்டன் ஒயரோடு கூடிய கேவிஎம் பெட்டி. அந்த 6 மணி நேரத் தொலைவில் இருக்கும் அலுவலகத்துக்கு பிஎம்சி போர்டைத்தான் வைத்தேன்.

போன மாதம் அங்கே ஒரு டிஸ்க் போனது. ரெய்டு (ஒரு டிஸ்க் போனாலும் தரவு தப்பும்படி பல டிஸ்க்குகளைச் சேர்க்கும் முறை) தாங்கிக்கொண்டது, மாற்று டிஸ்க் அங்கேயே அலமாரியில் இருந்தது. ஒரே மாதிரி இரண்டு பெட்டிகள் அடுத்தடுத்து இருக்கும் அறை அது. அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கு போன் செய்தேன். ஐபிஎம்ஐடூலில் 'சேஸிஸ் ஐடென்டிஃபை' என்ற கட்டளை இருக்கிறது, பெட்டியின் முன்பக்கம் ஒரு நீல விளக்கை மினுக்கும். எண் கொடுக்காவிட்டால் 15 நொடியில் நின்றுவிடும், ஆகவே நான் நிறுத்தும் வரை எரியட்டும் என்று 'ஃபோர்ஸ்' சேர்த்து அனுப்பினேன்.

"தம்பி, கீழே இருக்கிறதுல நீல விளக்கு எரியுது."

"அதேதான் அக்கா. மேலே இருக்கிறதைத் தொட வேண்டாம். இடது பக்கத்திலிருந்து மூணாவது தட்டு, கொக்கியை அழுத்தி மெதுவா இழுங்க."

தட்டு வெளியே வந்தது கன்சோலில் ஒரு வரியாகத் தெரிந்தது. புதிய டிஸ்க் உள்ளே போனது இன்னொரு வரி. ரீபில்டு 1 சதவீதம் என்று காட்டியதும் நீல விளக்கை அணைத்தேன்.